முல்லோயாவும் நமது சீட்டும்

(கண்டியில் நடைபெற்ற முல்லோயா கோவிந்தன் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் போனால் முல்லோயாத் தோட்டம். 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு அங்கே வேலைநிறுத்தம் செய்த நம் மக்கள்மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அப்போது துரையின் அனுமதியில்லாமல் சங்கத்துக்காரர் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அதே ஆண்டில்தான் தோட்ட முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சங்கம் சேரும் உரிமை எழுத்தில் வந்தது. இது சம்பள விஷயம் மட்டுமல்ல. கூடிப் பேச முடியாத இடத்தில் ஜனநாயகம் ஏது?

பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும். 1947 தேர்தலில் வாக்களித்த நம்மில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டே வாக்கும் பறிபோனது. ஆனாலும் நம் மக்கள் சும்மா இருக்கவில்லை. 1952இல் சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1986 தைப்பொங்கலில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கினார்கள். காலை வேளையில் மலைக்குப் போகாமல் கோவிலில் உட்கார்ந்தார்கள். கொழுந்து முற்றினால் நாட்டுக்கு நட்டம். வடக்கில் யுத்தம் வேறு. அரசாங்கம் பேச வந்தது. அந்த ஆண்டே நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. விடுபட்டவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டம் வந்தது. வாக்கில்லாத மக்கள், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துத்தான் வாக்கை மீட்டார்கள்.

இனி நம்மைப் பற்றி. எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவரைத் தெரிவு செய்யப் பிள்ளைகளுக்குச் சீட்டுக் கொடுத்தோம். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "சேர், எங்க தோட்டத் தலைவருக்கு எப்ப சீட்டுப் போட்டாங்க?"

எங்களிடம் பதில் இல்லை. பெரட்டில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கமிட்டியில் எத்தனை பேர்? சில தோட்டங்களில் தலைவர் பதவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. அரசாங்கத்திடம் கேட்கும் கணக்கை, சந்தா கட்டும் நம் ஆட்களுக்கு நாம் காட்டுகிறோமா?

ஆகவே இந்த ஆண்டுக் கமிட்டித் தெரிவை எல்லாத் தோட்டங்களிலும் இரகசியச் சீட்டில் நடத்துவோம். சந்தாக் கணக்கைக் கூட்டத்தில் வாசிப்போம். அந்தக் கூட்டத்தையும், பெண்கள் கொழுந்து நிறுத்து, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டு வரக்கூடிய நேரத்தில் வைப்போம். சில தலைவர்களுக்கு இது கசக்கும். எங்களுக்கும் பதவி போகலாம். போகட்டும்.

கோவிந்தன் காலத்தில் சங்கம் என்பதே சுடப்பட்டுப் பெற வேண்டிய உரிமை. இன்று சங்கத்துக்குள் சீட்டுப் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோம்.