வாக்கு ஒன்று, வாழ்வு ஒன்று

(ஏறாவூரில் உழவர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

  

வயல் வேலையை இடையில் விட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே வயலிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு வட்டைக்கு வட்டைவிதானை ஒருவரை நாம் வைக்கிறோம். வேலியைக் கட்டுங்கள், மாட்டை அப்புறப்படுத்துங்கள் என்கிறார், கீழ்ப்படிகிறோம். அவருடைய மாடே இரவில் நமது வேளாண்மைக்குள் இறங்குமாயின், அடுத்த போகத்துக்கும் அவரை விதானையாக வைப்போமா? வட்டைக்கு நாம் வைத்திருக்கும் இந்த நீதியை நாடாளுமன்றத்துக்கு மட்டும் வைக்க மறந்துவிட்டோம். அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். அரசியல்வாதியின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நமது தொழிலன்று. அவர் எதை உண்கிறார், யாரை மணந்தார், எவ்வாறு வழிபடுகிறார் என்பவை அவருடைய சொந்த விடயங்கள். ஆனால் ஊராருக்கென்று கை உயர்த்திச் சட்டம் செய்துவிட்டு, அச்சட்டத்தின் சுமையிலிருந்து தம் வீட்டை மட்டும் விலக்கிக்கொள்வாராயின், அப்பொழுது அது சொந்த விடயம் அன்று, பொது விடயம்.

நம் நாட்டில் இதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார்; ஒக்ஸ்போர்டில் பயின்றார். 1925இல் தாயகம் திரும்பியபொழுது சிங்களத்தில் சரளமாகப் பேசும் ஆற்றல் அவரிடம் இல்லை. மதம் மாறினார், உடை மாறினார், மொழியையும் பயின்றார். அதில் குற்றமில்லை. 1944இல் அரசாங்க சபையில், சிங்களத்தோடு தமிழும் ஆட்சிமொழியாகவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் நமது மட்டக்களப்பு மண்ணின் வ. நல்லையா. அன்று இரு மொழிக்கும் இடமளிக்கப் பேசியவர்களுள் பண்டாரநாயக்காவும் ஒருவர். அதே மனிதர் 1956இல் 33ஆம் இலக்கச் சட்டத்தால் சிங்களம் ஒன்றையே அரியணையில் ஏற்றினார். சேர் ஜோன் கொத்தலாவலை மட்டும் என்ன செய்தார்? 1954இல் யாழ்ப்பாணத்தில் இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்றார். 1956இல் களனி மாநாட்டில் அவருடைய கட்சி சிங்களம் மட்டும் என்றது. ஆங்கிலத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் வாழ்ந்தவர்கள் கிராமத்தான் வாக்குக்காகப் பூண்ட வேடம் அது.

பின்னர் ஸ்ரீமாவோ அம்மையார் ஆட்சி வந்தது. 1961 ஜனவரியில் தனிச்சிங்கள நிர்வாகம் நடைமுறைக்கு வந்தது. மட்டக்களப்புக் கச்சேரி வாசலிலும் நம்மவர் சத்தியாக்கிரகம் இருந்தனர். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், மருத்துவ பீடம் புகச் சிங்களத்தில் எழுதியவருக்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழில் எழுதியவர் 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குச் சில வழிகளைத் திறந்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அம்மையாரின் பிள்ளைகள் எங்கே படித்தனர்? மூத்த மகள் ஒக்ஸ்போர்டில். இளைய மகள் சந்திரிகா பாரிசில். மகன் அனுரா லண்டனில். ஏழை உழவனின் மகனுக்கு, அவன் சிங்களவனாயினும் தமிழனாயினும், இருந்தது ஓர் ஏணி மட்டுமே. அந்த ஏணியின் படிகளை எண்ணியவர்களுக்கோ வேறு ஏணி இருந்தது. நாம் வருந்துவது அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலம் கற்றதற்காக அன்று. அந்த வாயிலை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாத்தியதற்காகவே. சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் அதனால் ஏமாந்தது.

பிறரைச் சொல்லிவிட்டு நம் முகத்தைக் கண்ணாடியில் பாராதிருப்பது நேர்மையாகாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், ஒடுக்கப்பட்ட தமிழர் உள்ளே செல்வதற்குப் போராடவேண்டியிருந்தது. வழிமறித்து நின்றவர்களுள் ஒருவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். சிங்களவரிடம் தமிழருக்கு உரிமை கேட்டவர், தமிழருக்கே கோவில் வாசலை மறித்தார். மேடையில் தமிழர் ஒருமை பேசி, வீட்டில் தனிக் குவளை வைத்திருந்த தலைவர்களுக்கும் நம்மிடையே பஞ்சமில்லை.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன் வெளிச்சம் இவ்வூருக்கு அண்மையிலுள்ள வந்தாறுமூலைக்கும் வந்தது; நல்லையாவின் உழைப்பால் அங்கே மத்திய கல்லூரி எழுந்தது; 1981இல் அதே மண்ணில் பல்கலைக்கழகக் கல்லூரியும் தோன்றியது. வாக்கும் வாழ்வும் ஒன்றானால் விளைவது இது. 5 முதல் 14 வயதுவரையான இந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை அமைக்கலாகாது என 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. அச்சட்டம் ஒருபுறம் இருக்க, சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகி நடைபெறுகின்றன. இலவசக் கல்வியைக் காப்போம் என்று மேடையில் முழங்குவோரின் பிள்ளைகள் எந்த வாயிலில் நுழைகின்றனர் என்று கேட்பது அவதூறு ஆகுமா? தம் பிள்ளை அமராத வாங்கு உடைந்திருப்பதை எந்த உறுப்பினரும் விரைந்து காணமாட்டார். தாம் படுக்காத ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்பதும் அவ்வாறே.

ஆகவே அன்பர்களே, வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். எங்களுக்கு நீர் நல்லது என்னும் பாடசாலையில் உம்முடைய பிள்ளை படிக்கிறதா? எங்களுக்கு நீர் செய்யும் சட்டத்துக்கு உம்முடைய நிலமும் உட்படுமா? சொத்து விபரங்களை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் விதித்துள்ளது; தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் உண்டு. படித்த அலுவலர்களும் ஆசிரியர்களும் அவற்றைப் பயன்படுத்தி, உழவர்களுக்கு விளங்கச் சொல்லவேண்டும். அது உங்கள் கடமை.

குறையே இல்லாத மனிதரை நாம் தேடவில்லை. எந்தப் பாரத்தை நம் தோளில் ஏற்றுகிறாரோ, அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத் தம் தோளிலும் தாங்குகிறவரையே தேடுகிறோம். அத்தகையவர் எந்தக் கட்சியில் நின்றாலும், எந்த மதத்தவராயினும், அவருக்கு உங்கள் வாக்கை அளியுங்கள். மற்றவரை, மாடு அவிழ்த்துவிட்ட விதானையைப் போலவே, மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.