எம்டன் பணத்தில் செய்த பதக்கம்

போர் வெற்றிப் பதக்கம் சேர்ப்பவர்கள் பலரும் பொன்னையும் அரசர் தலையையும்தான் தேடுவார்கள். என்னைக் கேட்டால், நம் பக்கத்துக் கடலில் பிறந்த 'சிட்னி-எம்டன்' பதக்கத்துக்கு ஈடு கிடையாது.

1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான் அது. அடுத்த மாதமே பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் அதை அடித்து நொறுக்கியது. தரைதட்டிக் கிடந்த கப்பலில் மெக்சிகோ வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. அவற்றில் 1,000 காசுகளுக்கு, மேலே கிரீடமும் ஓரத்தில் இரு கப்பல்களின் பெயரும் தேதியும் வைத்துச் சட்டம் கட்டிக் கொடுத்தார் சிட்னி நகரத்து நகை வணிகர் கெர்.

தோற்றவர் பணமே வென்றவர் பதக்கமாகிவிட்டது. அதுவும் என்ன பணம்! சுமார் 27 கிராம் எடை. ஒரு பக்கம் பாம்பைக் கவ்விய கழுகு, மறுபக்கம் கதிர் வீசும் தொப்பி. 1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி வரும்வரை சிங்கப்பூர்க் கடைகளில் புழங்கியது இந்த வகைக் காசுதான். மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிகளில் எண்ணி அடுக்கியதும் இதைத்தான். காசு மட்டுமல்ல, எம்டன் மாலுமிகள் சிலரும் சிங்கப்பூரின் டங்ளின் முகாமில் கைதிகளாக இருந்தார்கள். 1915 பிப்ரவரி 15 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து முகாமைத் திறந்துவிட்டபோது, லௌட்டர்பாக் என்ற அதிகாரி தப்பியே போனார்.

நான் சிங்கப்பூரின் பொங்கோல்வாசி. 1942 பிப்ரவரி 28 அன்று ஜப்பானியர் சுட்டுக்கொன்ற சீனர்களுக்கு எங்கள் கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைக் கடந்து தினமும் நடப்பவருக்கு, வெற்றியை வென்றவர் கண்ணால் மட்டும் பார்க்க மனம் வராது. திப்பு சுல்தானை வீழ்த்திய ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த பதக்கத்தைப் பாருங்கள். சிங்கம் புலியை வீழ்த்துகிறது. அதை வடித்த குக்லரின் வேலைப்பாடு அபாரம். ஆனால் திப்புவின் பெயர் அதில் இல்லை. எம்டனின் பெயரோ சிட்னிக்குச் சரிநிகராகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அழகில் கம்பெனிப் பதக்கம் ஜெயிக்கலாம். என் மதிப்பு எம்டன் பதக்கத்துக்குத்தான்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சட்டத்தைக் கழற்றினால் எஞ்சுவது சாதாரண மெக்சிகோ வெள்ளி. ஆகவே சட்டத்தின் வேலைப்பாட்டையும், யாரிடமிருந்து கைமாறி வந்தது என்பதற்கான தாள்களையும் பார்த்தே விலை பேசுங்கள். கறுத்திருந்தால் தேய்க்கவே வேண்டாம். எழுத்தின் விளிம்பும் மழுங்கும், விலையும் இறங்கும்.