இசைவாதும் இசையுறவும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இசைக் கலைஞரின் வாழ்க்கை. தமிழாசிரியன் ஒருவனுக்கு இசையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் சங்கீத வித்துவான் அல்லன். இயல், இசை, நாடகம் என்று மூன்றையும் சேர்த்தே முத்தமிழ் என்று சொல்கின்ற மொழியைக் கற்பிக்கின்றவன். நடுவில் இருப்பதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் மாத்திரம் எப்படிக் கற்பிப்பது என்ற தயக்கம் உடையவன். அவ்வளவே என் தகுதி.

முதலில் உங்களை மன்னார்ப் பெருநிலப்பரப்பிலே ஒரு மண்வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1990களின் தொடக்கம். போர்க்காலம். மின்சாரம் இல்லை, பற்றரி கிடைப்பது அரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையாற் சுற்ற மற்றவர்கள் கேட்போம். சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டும் தளர்ந்துவிடும்.

ஒருநாள் மாலை சுற்றுகின்ற முறை என்னுடையது. 'ஒருநாள் போதுமா' என்ற பாடல் ஒலித்தது. 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்திலே, பாண்டியன் சபைக்குச் சவால் விட வந்த ஏமநாத பாகவதர் பாடுவதாக அமைந்த பாடல் அது. கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்தது. இராகங்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி, அந்தந்த இராகத்திலேயே பாடிச் செல்லும் இராகமாலிகை. படத்தில் வாயசைத்தவர் டி. எஸ். பாலையா, பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா.

கதையை நான் அப்பாச்சிக்குச் சொன்னேன். இவ்வளவு பாடிய ஏமநாதன், விறகு விற்பவனாக வந்த சிவபெருமானின் பாட்டைக் கேட்டு இரவோடிரவாக ஓடிவிட்டான் என்றேன். அப்பாச்சி வெற்றிலையை மடித்தபடி கேட்டா: "நல்லாப் பாடுறான் எண்டு தெரிஞ்சால் பக்கத்தில இருந்து கேக்கிறதுதானே? ஏன் ஓடினவன்?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பாட்டைப் பாடியவரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் பதில் கிடைத்தது.

பாலமுரளிகிருஷ்ணா 1930ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி, ஆந்திரத்தின் கிழக்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள சங்கரகுப்தம் என்ற ஊரிலே பிறந்தவர். தாயார் சூரியகாந்தம்மா வீணை வாசிப்பவர். மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமானார். தந்தையார் பட்டாபிராமய்யா புல்லாங்குழல், வயலின், வீணை மூன்றும் அறிந்தவர். குரு பாருபள்ளி இராமகிருஷ்ணய்யா பந்துலு, தியாகராச சுவாமிகளின் சீடர் மரபிலே வந்தவர். விஜயவாடாவில் எட்டு வயதளவிலேயே முழுக் கச்சேரி செய்த அந்தச் சிறுவனைக் கண்டு வியந்த ஒரு கதாகாலட்சேப வித்துவான், முரளிகிருஷ்ணா என்ற பெயருக்கு முன்னால் 'பால' என்ற சொல்லைச் சேர்த்தார். எண்பது வயதிலும் அவர் 'பால'முரளியாகவே இருந்தார்.

பாட்டு மட்டுமன்று, வயலின், வயோலா, வீணை, மிருதங்கம், கஞ்சிரா எல்லாம் அவர் கைக்கு வந்தன. விஜயவாடா வானொலியிலே 'பக்தி ரஞ்சனி' என்ற காலை நிகழ்ச்சியை வளர்த்தவர்களுள் அவர் முக்கியமானவர். பத்ராசல இராமதாசரின் கீர்த்தனைகள் பலருடைய வாயிலும் வழங்க அவர் குரல் பெரிதும் உதவியது. வானொலி என்ற சாதனம் ஒரு கலைஞனை வளர்க்கும், ஒரு சமூகத்தின் காதையும் வளர்க்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி அவருடைய படைப்புத் திறத்துக்கு வருவோம். கர்நாடக இசையிலே ஏழு சுரங்களையும் முழுமையாகக் கொண்ட தாய் இராகங்கள் 72. மேளகர்த்தா என்பார்கள். அவற்றுள் பல, கச்சேரி மேடையில் அபூர்வமாகவே கேட்கப்படுபவை. அந்த 72 இராகங்களிலும் கீர்த்தனை செய்வதென்பது ஒருவருடைய வாழ்நாட் பணி. தமிழிலே கோடீஸ்வர ஐயர் அதைச் செய்து வைத்தார். பாலமுரளிகிருஷ்ணாவோ பதின்ம வயதிலேயே 72 இராகங்களிலும் கீர்த்தனைகளை இயற்றத் தொடங்கியவர். 1952இல் அவை நூலாக வெளிவந்தன. தெலுங்கு, சமஸ்கிருதம், தமிழ் ஆகிய மொழிகளில் அவர் இயற்றிய உருப்படிகள் நானூறுக்கு மேல் என்பர். 'முரளி' என்பது அவருடைய முத்திரைச் சொல்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஓர் இராகத்துக்குக் குறைந்தது ஐந்து சுரங்களாவது வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட நியதி. அவர் நான்கு சுரங்களிலே மகதி என்றும் லவங்கி என்றும் இராகங்களை அமைத்தார். பின்னர் மூன்றே சுரங்களுக்கும் இறங்கினார். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் 1980களில் இதைப் பகிரங்கமாக எதிர்த்தார். இராகத்தை ஒருவர் 'கண்டுபிடித்தேன்' என்று உரிமை கொண்டாடலாமா என்பது பாலசந்தரின் கேள்வி. அது அலட்சியம் செய்யத்தக்க கேள்வியன்று. மரபைக் காக்கின்றவனும் மரபுக்கு வேண்டியவனே. ஆனால் 1975இல் வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்' படத்திலே, மகதியைத் தொட்டு எம். எஸ். விஸ்வநாதன் அமைத்து யேசுதாஸ் பாடிய பாட்டைக் கேட்ட இலட்சக்கணக்கானோர், நான்கு சுரமா ஐந்து சுரமா என்று எண்ணிப் பார்க்கவில்லை. கேட்டார்கள், இரசித்தார்கள். இலக்கணம் ஒருபுறம் இருக்க, காதும் ஒரு நீதிபதிதான்.

இப்போது நான் வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். 'ஜுகல்பந்தி' என்று ஒரு கச்சேரி முறை உண்டு. இரு கலைஞர்கள் ஒரே மேடையில், ஒருவருக்கு மற்றவர் பக்கவாத்தியமாக அன்றி, சரி நிகராக அமர்ந்து பாடுவது அல்லது வாசிப்பது. கர்நாடக இசையும் இந்துஸ்தானி இசையும் இவ்வாறு ஒரே மேடையில் சேர்வதைப் பரவலாக்கியவர்களுள் பாலமுரளிகிருஷ்ணா முன்னணியில் நின்றார். பண்டிட் பீம்சேன் ஜோஷி, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிஷோரி அமோன்கர் ஆகிய வடநாட்டு மேதைகளோடு அவர் மேடையைப் பகிர்ந்தார்.

இது எப்படி நடக்கிறது? நம்முடைய இந்தோளம் அவர்களுக்கு மால்கௌன்ஸ். நம்முடைய மோகனம் அவர்களுக்குப் பூபாளி. முத்துசுவாமி தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ஹம்சத்வனி, பெயர்கூட மாறாமல் வடக்கே போய்க் குடியேறிவிட்டது. ஆகவே இராகம் பொதுவானது. நடைதான் வேறு. இந்துஸ்தானிப் பாடகர் ஒரு சுரத்திலே நெடுநேரம் நின்று, அதன் ஆழத்தைப் பார்த்துவிட்டே அடுத்ததற்கு நகர்வார். கர்நாடகப் பாடகர் சுரத்தை அசைத்துக் கமகத்தால் அழகு செய்வார். இருவரும் ஒரே நேரத்தில் தத்தம் வித்தையைக் காட்டினால் கேட்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். ஒருவர் பாடும்போது மற்றவர் சட்சத்தைப் பிடித்து நிற்க வேண்டும். அவர் விட்ட இடத்தைத் தெரிந்து எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முதலில் கேட்டிருக்க வேண்டும். ஜுகல்பந்தியில் பாதி பாடுதல், பாதி கேட்டல்.

இந்தக் கேட்கும் குணத்தோடுதான் அவர் கடல் கடந்தார். அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யா, மலேசியா, சிங்கப்பூர், நம் இலங்கை என்று பல நாடுகளுக்கும் அவருடைய இசைப் பயணங்கள் அமைந்தன. தாகூரின் கீதாஞ்சலிப் பாடல்களுக்கு மேலைநாட்டு முறையில் அமைக்கப்பட்ட இசையிலே, பிரித்தானியப் பாடகர் குழுவொன்றோடு சேர்ந்து முதன்மைக் குரலாகப் பாடினார். இந்திய அரசு 1991இல் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 2005இல் பிரெஞ்சு அரசு 'செவாலியே' விருது வழங்கிக் கௌரவித்தது. 2016 நவம்பர் 22ஆம் திகதி சென்னையில் அவர் குரல் ஓய்ந்தது.

நேயர்களே, இதிலுள்ள ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். வெல்ல வந்து தோற்று ஓடிய ஏமநாதனுக்குக் குரல் கொடுத்தவர், தம் வாழ்நாளில் மற்றவர் பக்கத்திலிருந்து கேட்டுப் பாடியவர். அப்பாச்சியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலத்தைப் படித்துப் பாருங்கள். ஏமநாதனுக்கு நல்ல காது இருந்தது. திண்ணையிலே கிடந்த விறகுகாரன் சாதாரிப் பண்ணைப் பாடியபோது, அதன் உயர்வை அவன் உடனே உணர்ந்துகொண்டான். ஆனால் அவன் வந்தது வாதுக்கு. வாதுக்கு வந்தவனுக்கு மற்றவனின் நல்ல பாட்டு ஓர் ஆபத்து. ஓடுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. உறவுக்கு வந்திருந்தால் அதே பாட்டு அவனுக்கு ஒரு விருந்தாக இருந்திருக்கும்.

அதே புராணத்தில் இசைவாது வென்ற படலம் என்று இன்னொன்று உண்டு. அங்கே கடல் கடந்து மதுரைக்குப் போகின்றவள் நம் ஈழநாட்டுப் பாடினி. பாணபத்திரரின் மனைவியோடு வாது. தோற்றவள் வென்றவளுக்கு அடிமை என்பது நிபந்தனை. ஈழத்துப் பாடினி தோற்றாள். இறைவனின் அருள் பேசும் கதை அது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வகுப்பிலே இந்தப் படலத்தைச் சொல்லும்போதெல்லாம், அந்தப் பெண் என்ன பாடினாள் என்று மனம் தேடுகிறது. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதே பேச்சாகிவிட்டால் பாட்டு காணாமற் போய்விடுகிறது.

நம் மரபில் மறுபக்கமும் உண்டு. திருஞானசம்பந்தர் இராமேச்சரத்திலே நின்றபடி, கடலுக்கு இப்பாலுள்ள நம் திருக்கேதீச்சரத்தை நினைந்து பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் பதிகங்களுக்கு யாழிசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்திலே யாழ்ப்பாணரின் உறவினர், பதிகத்தின் பெருமைக்குக் காரணம் யாழே என்று பேசினார்கள். பாணர் வருந்தி, யாழுக்குள் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருளுமாறு சம்பந்தரை வேண்டினார். பாடப்பட்டது, யாழ் தோற்றது. பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தரோ அதைத் தம் கையில் வாங்கி, உடைக்க வேண்டாம், இயன்ற அளவு வாசியுங்கள் என்ற கருத்துப்பட ஆறுதல் சொல்லித் திரும்பக் கொடுத்தார். வாதாக்கியவர்கள் பக்கத்தில் நின்றவர்கள். பாடியவரும் வாசித்தவரும் உறவைக் காத்தார்கள்.

இதையெல்லாம் நன்றாக விளக்கத் தெரிந்த நானே ஒருமுறை பக்கத்தில் நின்றவனாகிப் போனேன். அதைச் சொல்லாமல் இந்த உரையை முடித்தால் அது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்த் தினப் போட்டிக்கு ஒரு மாணவியைப் பயிற்றினோம். கடற்கரைப் பிள்ளை. அவளுடைய பாட்டனார் கூத்து அண்ணாவியார். மன்னார்க் கூத்துக்கு வடபாங்கு, தென்பாங்கு என்று வளமான மெட்டு மரபுகள் உண்டென்பதை நீங்கள் அறிவீர்கள். ஒத்திகையில் அந்தப் பிள்ளை, சங்கீத ஆசிரியர் சொல்லிக் கொடுத்த இராகத்தின் நடுவிலே, பாட்டனாரின் கூத்து மெட்டொன்றைத் தானாகவே இசைத்து, மறுபடி இராகத்துக்குத் திரும்பி வந்தாள். எனக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் என் வாய் சொன்னது வேறு: "கலப்படம் வேண்டாம் பிள்ளை. நாங்கள் அங்க வெல்லப் போறம்."

சொன்னபடியே பாடினாள். இரண்டாம் இடம் கிடைத்தது. அதன்பின் அவள் மேடையேறவில்லை.

கடந்த ஆண்டு தலைமன்னார் பஸ்ஸிலே அவளைக் கண்டேன். மடியிலே குழந்தை. "பாட்டு இப்பவும் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன். "பிள்ளைக்குத் தாலாட்டுத்தான் சேர். அதுக்கு ஒருத்தரும் புள்ளி போடுறேல்லைத்தானே" என்று சிரித்தாள். குறை சொல்லும் சிரிப்பன்று. அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்று நான் கேட்டுச் சிலிர்த்தேன். ஏமநாதனைப் போலவே ஓடிவிட்டேன்.

போட்டிகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. போட்டி இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் பலருக்கு மேடையே இல்லை. ஆனால் பாட்டுக்கு முதலிடம், புள்ளிக்கு அடுத்த இடம் என்ற ஒழுங்கை ஆசிரியர்களாகிய நாம் மாற்றிவிடலாகாது. பண்ணோடு கூத்து மெட்டும், கூத்து மெட்டோடு வேறு தேசத்து இசையும் ஒரே பாயில் அமரலாம் என்பதைத்தான் பாலமுரளிகிருஷ்ணா தம் வாழ்க்கையாற் காட்டிச் சென்றார். புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

இம்முறை வாணி விழாவுக்கு இரு மாணவிகளைச் சேர்த்திருக்கிறேன். ஒருத்தி தேவாரப் பண் பாடுபவள். மற்றவள் கூத்து மெட்டு அறிந்தவள். முதல் ஒத்திகையில் ஒருத்தியை ஒருத்தி முந்தப் பார்த்தார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: "அவள் பாடேக்க நீ சுருதியைப் பிடி. நீ பாடேக்க அவள் பிடிக்கட்டும்." எப்படி வரும் என்று தெரியவில்லை. நான் ஓடப் போவதில்லை. பக்கத்தில் இருந்து கேட்கப் போகிறேன்.