அழிந்த அட்டவணையும் அழியாத வட்டுகளும்

ஒரு கல்லூரியின் தேர்வு மதிப்பெண்கள் யாவும் ஒரு லினக்ஸ் சர்வரில் இருப்பதாகக் கொள்வோம். அதில் வட்டுகள் நான்கு. எந்த வட்டு எந்த இடத்தில் வந்து பொருந்தவேண்டும் என்பதை ‘எஃப்எஸ்டேப்’ என்னும் சிறியதொரு கோப்பு கூறுகிறது. வட்டொன்றுக்கு ஒரு வரி, வரியொன்றுக்கு ஆறு பகுதிகள், அவ்வளவே. அக்கோப்பு ஒருநாள் அழிந்துபோயிற்று. என் செய்வது?

அழிந்தது அட்டவணையேயன்றி மதிப்பெண்கள் அல்ல. நூலகத்தின் பட்டியல் ஏடு எரிந்துவிட்டால் நூல்கள் எரிந்தனவாகா. கலங்கிப்போய் வட்டை ‘ஃபார்மட்’ செய்பவரே மெய்யான இழப்பை உண்டாக்குகிறார்.

சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தலாகாது. எக்கோளாறுக்கும் அணைத்து ஏற்றுவதே மருந்து என்பது நம்மிற் பலருடைய நம்பிக்கை. இங்கே அம்மருந்தே நஞ்சு! இப்போது பொருத்தப்பட்டிருக்கும் வட்டுகள் அனைத்தையும் கெர்னல் தன் நினைவில் வைத்திருக்கிறது. ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘மவுண்ட்ஸ்’ என்பதைப் படித்தால் அவை வரிவரியாய்த் தோன்றும். மின்சாரம் நின்றால் அந்நினைவும் போய்விடும். ஆகவே அவ்வரிகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ளவேண்டும். அவற்றுள் வட்டே இல்லாத போலிக் கோப்பமைப்புகளும் கலந்திருக்கும், அவற்றை நீக்குக. ‘ஸ்வாப்’ பகுதி அங்கே வாராது. அதற்குத் தனிப்பட்டியல் உண்டு.

சர்வர் முன்னரே நின்றுவிட்டதா? அப்போது துப்பறியும் வேலைதான். மீட்பு வட்டால் இயக்கி, ‘பிஎல்கேஐடி’ என்னும் கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொரு வட்டும் தன்மேல் எழுதியுள்ள அடையாள எண்ணைச் சொல்லும். பின்னர் ஒவ்வொன்றையும் எழுதவொண்ணாதபடி, படிக்கமட்டும் பொருத்தி உள்ளே நோக்கவேண்டும். பயனர் பெயர்களில் அடைவுகள் நிறைந்திருந்தால் அது ‘ஹோம்’ வட்டாதல் கூடும்.

புதிய அட்டவணையில் ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்ற பெயர்களை எழுதாதிருத்தல் நன்று. அவை வட்டுகள் கண்டறியப்படும் வரிசையால் அமைவன, அடுத்தமுறை மாறிவிடலாம். 32 பதினறும இலக்கங்களாலான அடையாள எண்ணோ மாறுவதில்லை.

எழுதி முடித்ததும் உடனே மறுதொடக்கம் செய்துவிடாதீர். ‘மவுண்ட்’ கட்டளையை ‘ஏ’ என்னும் குறியுடன் கொடுத்துச் சோதிப்பர். ஆனால் அது முன்பே பொருந்தியவற்றைத் தாண்டிச் சென்றுவிடும். எனவே ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையின் சரிபார்ப்பையும் நடத்துக. இன்றியமையாததல்லாத வட்டுக்கு ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால், அவ்வட்டு காணாமற்போன நாளிலும் சர்வர் வழியில் நில்லாது எழுந்து நிற்கும்.