கண்ணியும் பிணையும்

நேயர்களே, "கண்ணி" என்றொரு சொல் நம்மிடம் உண்டு. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் மனோன்மணிக்கண்ணியில் அது இரண்டடிச் செய்யுள். பழந்தமிழில் தலையிற் சூடும் பூவுக்கும் அதுவே பெயர். வேடன் கையிலோ அது உயிர் பிடிக்கும் சுருக்கு. இன்று நான் பேச வந்தது இந்த மூன்றாவது கண்ணியைப் பற்றி.

காரணம், மருமகன் முறையான ஒரு பையன். கனடாக் காட்டிலே பனிக்குள் பொறிவைத்து, மென்மயிர் விலங்குகளைப் பிடித்துத் தோலுரிக்கும் படங்களைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்து, "மாமா, இத நாமளும் பொழுதுபோக்காச் செஞ்சி பாத்தா என்ன? வயப்பக்கம் நீர்நாய் திரியுதாமே" என்றான்.

உரோமத்தோல் என்பது குளிர்நாட்டுக் காரியம். மாரியின் கடுங்குளிருக்குத்தான் விலங்கின் மயிர் அடர்ந்து முற்றும். பீவர் என்ற நீர்விலங்கின் உள்மயிரிலே தொப்பி செய்து ஐரோப்பியக் கனவான்கள் அணிந்தார்கள். 1670 இல் ஹட்சன் பே கம்பனி தோன்றியதும் அந்த வணிகத்துக்காகவே. இன்று அங்கே பொறிவைக்கத் தொடங்குகிறவன் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பல இடங்களிற் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும். பிடிக்கும் பருவம் எது, வைத்த பொறியை எத்தனை நேரத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு.

நமது வெக்கையில் வாழும் விலங்குக்கு அந்த மயிரும் இல்லை. நமக்கு அந்தத் தொப்பியும் தேவையில்லை. நீர்நாயும், கொடுப்புலி என்று சொல்லப்படும் மீன்பிடிப் பூனையும், வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளவை. 1937 ஆம் ஆண்டுச் சட்டம் அது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. ஆனால், சட்டத்தைக் காட்டி ஓர் இளைஞனின் ஆசையை அடக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. இலக்கியத்தைக் காட்டலாம் என்று ஒரு நப்பாசை.

நற்றிணையின் 119 ஆம் பாட்டிலே ஒரு புனத்துக்காரன் வருகிறான். தினையைத் தின்ன வரும் பன்றிக்கு அவன் "அடார்" வைக்கிறான். பெரிய கற்பலகையைச் சாய்த்து நிறுத்தி, சிறு பொறியிலே மாட்டிவைப்பதுதான் அடார். விலங்கு தொட்டதும் கல் விழும். பன்றிக்கு வைத்த கல்லிலே அகப்படுவதோ புலி! தலைவனின் நாடு எத்தகையது என்று சொல்ல வந்த இடத்திலே புலவர் இதை வைக்கிறார். உள்ளுறை தேடுவோர் தேடட்டும். நான் இதை ஒரு வயற்காரன் மகனின் கண்ணாலே வாசிக்கிறேன். பொறிக்கு ஆள் தெரியாது. வைத்தவன் மனத்திலே பன்றி இருக்கலாம். கல்லுக்கு அதெல்லாம் தெரியுமா?

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைய பாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மே மாதம், மலையகத்தில் நல்லதண்ணிப் பக்கம், தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியருகே, கம்பிச் சுருக்கிலே ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து மாட்டிக் கிடந்தது. இலங்கையில் காண்பதற்கு மிக அரிதான விலங்கு. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும், சில நாட்களில் இறந்துபோனது. மலையகத்தில் இப்படிச் சிறுத்தைகள் மாட்டும் சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கு வைத்தவையே. கல் கம்பியாகியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை.

இனி நமதூர்ப் பெயரைப் பாருங்கள். அட்டாளை என்றால் உயர்ந்த காவற்பரண். சேனைக்கு நடுவே பரண்கட்டி, இராமுழுதும் கண்விழித்துப் பன்றியையும் யானையையும் கூவி விரட்டிய வாழ்க்கை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பரணில் இருப்பவனுக்கு வந்திருப்பது எது என்று தெரியும். எதை விரட்டுவது, எதை விட்டுவிடுவது என்று அவனே தீர்மானிப்பான். சுருக்கு வைத்தவன் வீட்டிலே தூங்குவான். காவல் இருப்பது கஷ்டம்தான். வேளாண்மை காத்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கம்பி மலிந்தது.

உமறுப்புலவர் சீறாப்புராணத்திலே "மானுக்குப் பிணை நின்ற படலம்" பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்திற் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், குட்டிக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். காட்டுக்குள் விட்ட மான் வரவா போகிறது என்பது வேடனின் வாதம். அவன் தொழிலைப் பார்த்தால் நியாயமான வாதம்தான். மானோ குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. தமிழிலே "பிணை" என்பது உத்தரவாதத்துக்கும் பெயர், பெண்மானுக்கும் பெயர். தலைப்பிலேயே இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும். அந்த வேடனுக்கு மானின் மடியிலே பால் இருப்பதைச் சொல்ல ஒரு வாய் இருந்தது. கம்பிச் சுருக்கில் மாட்டும் தாய்க்கு யார் சொல்வார்?

பையனின் ஆசையிலே நல்ல பாதியும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பொறிவைப்பவன் முதலிலே கற்பது நிலத்தை வாசிப்பது. வரம்புச் சேற்றிலே ஐந்து விரலும் இடைத்தோலும் பதிந்திருந்தால் அது நீர்நாய். அதன் எச்சத்திலே மீன்செதிலும் நண்டோடும் கிடக்கும். மீன்பிடிப் பூனையின் நகம் முழுதாக உள்ளே மடங்காது. ஆகவே சில தடங்களில் நகநுனியும் பதியும். இந்தப் படிப்புக்குக் கம்பி வேண்டாம். உடற்சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படம்பிடிக்கும் கமராக்கள் இப்போது கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றுக்கும் "பொறி" என்ற பொருளிலேதான் பெயர்.

தொடங்க விரும்பும் தம்பிமார், வயற்சொந்தக்காரரிடம் முதலிலே கேட்டுக்கொள்ளுங்கள். வாய்க்காலோரம் தடம் கண்ட இடத்திலே, முழங்கால் உயரத்திற் கமராவைக் கட்டுங்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே விழாதபடி வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். முன்னாலுள்ள புல்லை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றிலாடும் புல்லையே நூறு தரம் எடுத்துவைத்திருக்கும். முதற் கிழமையில் அநேகமாக நாயும் மாடும்தான் விழும்.