வெயிலும் நரம்பும்

(கோவளத்தில் கூடிய நம் சங்கத்தின் சித்திரைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

வழக்கம்போல் இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தனர். அதனை வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, இன்று ஒரு நோயைப் பற்றிச் சில சொல்ல உத்தரவு வேண்டினேன், அன்புடன் இசைந்தனர். காரணம் யாதெனின், வரும் வைகாசியில் இதே கடற்கரையில் நம் குடும்ப விழாவைக் காலை 10 மணிக்குத் தொடங்கி மாலைவரை நடத்துவதாக ஆலோசனை நடக்கின்றது. அழைப்பிதழ் அச்சேறுமுன் இதனைச் சொல்லியாதல் வேண்டும்.

அந்நோய்க்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவாருளர். அப்பெயர் எனக்கு முழு நிறைவு தருவதன்று. நோய் தண்டுவடத்தோடு நில்லாது மூளையையும் கண்ணரம்பையும் பற்றுவது. ஆயினும் வழக்கில் வந்த சொல்லை வைத்துக்கொள்வோம். இதனைத் தனியொரு நோயாகப் பிரித்து விளக்கியவர் பாரிசு மாநகரத்து வைத்தியர் ஷார்கோ, ஆண்டு 1868.

நம் நரம்பிழைகளின்மேல் கொழுப்பாலாய மெல்லிய உறையொன்று சுற்றியுள்ளது. மின்கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் என்க. உடலைக் காக்கவேண்டிய காவற்படையே வழிதவறி அவ்வுறையைத் தின்றுவிடுவதுதான் இந்நோய். உறை கெட்ட இடத்தில் செய்தி தாமதிக்கும். சிற்சில வேளை நின்றேபோம். அதனாற் கால் தளரும், கை மரக்கும், பார்வை மங்கும், சொல்லொணாச் சோர்வு வரும். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதிற்குள் தோன்றுவது. ஆண்களினும் பெண்களுக்கே மிகுதி. குளிர்நாடுகளிற்போல் நம் நாட்டில் அத்துணைப் பரவலன்று. தொற்றுநோயுமன்று, முன்னோர் சாபமுமன்று.

இனி, வெயிலுக்கு வருவோம். 1890ஆம் ஆண்டில் ஊட்ஹோஃப் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர், இந்நோயாளர் சிலர் சற்று நடந்து உழைத்தவுடன் பார்வை மங்கி, இளைப்பாறியதும் மீளப் பெறுவதைக் கண்டு எழுதிவைத்தார். உழைப்பே காரணமென அவர் எண்ணினார். உழைப்பினால் உடலிற் பிறக்கும் வெப்பமே காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. உறை தேய்ந்த நரம்பு சாதாரண நிலையிலேயே விளிம்பில் நின்று வேலை செய்கின்றது. உடம்பின் சூடு அரைப்பாகை ஏறினும் அதற்குப் போதும், செய்தி அற்றுப்போகும். காந்தப் படக்கருவி வருவதற்கு முன் நோயாளரை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி நோயுண்டா எனச் சோதித்த காலமும் இருந்தது!

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்வேன். இவ்வாறு வெப்பத்தால் வரும் தளர்ச்சி புதிய சேதமன்று. உடல் குளிர்ந்தால் பெரும்பாலும் அரைமணி, ஒருமணியில் பழைய நிலை திரும்பும். குளிர்ந்த பின்னும் ஒரு நாள் முழுதும் தளர்ச்சி நீங்காதிருப்பின், அல்லது காய்ச்சல் கண்டிருப்பின், அப்போது வைத்தியரிடம் போதல் வேண்டும்.

என் தங்கைக்கு இந்நோய் உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அவளே சொல்லச் சொன்னாள். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக இங்கு வந்திறங்கிப் பெருஞ்சாலையைக் கடப்பதற்குள், கண்முன் மெல்லிய மல்துணி தொங்கவிட்டாற்போல் ஆகிவிடுமாம். கால் பிறர் கால் போலிருக்குமாம். விசிறியடியில் ஈரத்துண்டைக் கழுத்திற் சுற்றி உட்கார்ந்தால் தெளிந்துவிடும். தெளிந்துவிடுவதுதான் தொல்லை! “காலையில் நன்றாயிருந்தாள், வேலையென்றதும் படுத்துக்கொண்டாள், இப்போது எழுந்து சிரிக்கின்றாள்” என்று உறவினர் சொல்லாத நாளில்லை. ஊன்றுகோல் பிடித்தவனுக்கு இரங்குகின்றோம். ஒருமணி நேரம் வந்து போகும் தளர்ச்சியை நடிப்பென்கின்றோம். நோயைவிட இச்சொல்லே அவளை வீட்டுக்குள் அடைத்தது என்பேன்.

கோவளத்தில் கடற்காற்று உண்டே, இங்கென்ன வெப்பம் என்பீர்கள். தமிழில் திசைக்கொரு காற்றுண்டு: கிழக்கினின்று கொண்டல், மேற்கினின்று கோடை, வடக்கினின்று வாடை, தெற்கினின்று தென்றல். கத்திரி நாட்களில் காலைமுதல் நிலத்தினின்று கோடை அடிக்கும். அது வலுத்திருக்கும்வரை கொண்டல் கரையேற மாட்டாது. சில நாள் நண்பகலிற் புகும். சில நாள் பிற்பகல் இரண்டு மூன்றாகும். சில நாள் வாராமலேயும் போம். 2003 மே 31இல் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை ஏறியது. கொண்டல் வந்தபின் அனல் தணியும், உண்மையே. ஆனால் ஈரங்கலந்த அக்காற்றில் வியர்வை உலராது. வியர்வை உலர்ந்தாலன்றி உடல் குளிராது. எனவே தெர்மாமீட்டர் தாம்பரத்தினும் இங்கு இரண்டொரு பாகை குறைத்துக் காட்டினும் நோயாளிக்கு அதனால் பெரிய லாபமில்லை. மணலின் சூடோ, வெறுங்காலுடன் நடந்தோர் அறிவர்.

அங்ஙனமாயின் வெளியே வராதிருப்பதோ? வேண்டா. வழியுண்டு. வைகறைமுதல் எட்டுமணிவரையும், வெயில் சாய்ந்த பின்னும் உலவலாம். புறப்படுமுன் குளிர்ந்த நீரிற் குளித்தல், வந்தபின் குளிப்பதினும் பயனுடையது. உடலில் குளிர்ச்சியை முதலாக வைத்துக்கொண்டு செலவு செய்வதாகும். தளர்ந்த பருத்தியாடை, குடை, கழுத்திலும் மணிக்கட்டிலும் ஈரத்துணி. பனிக்கட்டிப் பைகள் செருகிய குளிர்ச்சட்டை இப்போது விற்கின்றது. விலை சற்று அதிகம். மீன் ஏற்றும் இவ்வூரில் பனிக்கட்டிக்குப் பஞ்சமில்லை. துணியிற் சுற்றிப் பிடரியில் வைக்கலாம். நேரே தோலில் வைத்தலாகாது. இந்நோயாளர்க்கு உணர்ச்சி மரத்திருப்பின் தோல் புண்ணாவதும் தெரியாது.

நம் வழக்கங்களிலும் சிலவற்றைத் தளர்த்துதல் வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை நான் இகழ்வேனல்லேன். ஆனால் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வார்த்து, கதவைத் தாழிட்டு, இந்நோயுள்ள பெண்ணைத் தனியே விடுதல் ஆபத்து. குளியலறையிலேயே கால் துவண்டு விழக்கூடும். ஆவி பிடித்தலும் அத்தன்மையதே. ஓமக்குண்டத்தருகே நடுப்பகலிற் பட்டுடுத்தி இரண்டு மணிநேரம் அமர்த்துவதும் அவ்வாறே.

தாய்மார்கள் பொறுத்தருளுக, வெளிப்படையாகவே ஒன்று சொல்வேன். இந்நோயாளர் பலர்க்குச் சிறுநீரை அடக்கும் ஆற்றல் குன்றும். வெளியூரில் ஒதுங்க இடமிராதென அஞ்சி, காலைமுதல் ஒரு வாய் நீரும் அருந்தாது வருவர். நீரின்றி வெயிலில் நின்றால் என்னாகும்? அவர்களை “நீர் குடியுங்கள்” என்று உபதேசிப்பதிற் பயனில்லை. கழிப்பிடம் கட்டித் தருவதே மருந்து.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. தகுதியுடையோர் அடையாளச் சான்று பெறலாம். நம்மவர் பலர், வீட்டில் மணமாகவேண்டிய பெண்ணுண்டு என்று அஞ்சி விண்ணப்பமே இடுவதில்லை. அச்சம் எத்தகையதென யான் அறிவேன். சான்றினால் ஒரு பெண்ணின் மதிப்புக் குறையுமென்று நினைக்கும் வீட்டில் அவளைக் கொடாமலிருப்பதே நன்று. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. நலமுற்றோர்க்கே வெயில் பேரிடராயின், இவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலின் யான் வேண்டுவன இவை. வைகாசி விழாக் காலை 6 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் ஒரு பகுதி முடியட்டும். எஞ்சியது மாலை 5 மணிக்குமேல் நிகழட்டும். தென்னங்கீற்றுப் பந்தல் கடலை நோக்கித் திறந்திருக்கட்டும், தகரம் வேண்டா. பந்தலையடுத்து நாற்காலியும் நீரும் மோரும், நடக்கும் தொலைவிற்குள் பெண்டிர்க்குத் தனிக் கழிப்பிடமும் அமையட்டும். செலவு மிகுமெனப் பொருளாளர் கவலைப்படுவது முகத்திலேயே தெரிகின்றது. மதிய விருந்தை நிறுத்திச் சிற்றுண்டியாக்கினால் கணக்குச் சரியாகும். இதனைத் தீர்மானமாக அவைத்தலைவர் அவர்கள் முன் வைத்து, வழிமொழிவாரை எதிர்நோக்கி அமர்கின்றேன்.