தேர்வு முடிந்த பின்னர்

நேயர்களே, தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் முதலில் செய்வது என்ன? வீட்டுக்கு ஓடுவதில்லை, பசியையும் பாராட்டுவதில்லை. வாயிலைத் தாண்டியதும் வினாத்தாளை விரித்து, "நீ என்ன எழுதினாய்?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரியவர்களாகிய நமக்கு இது பிடிப்பதில்லை. "முடிந்ததைக் கிளறி என்ன பயன்? அடுத்த தேர்வுக்குப் படி" என்று அதட்டி அழைத்துச் செல்கிறோம். நாமும் நெடுங்காலம் அவ்வாறே அதட்டி வந்தவர்கள்தாம். பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் ஒரு மார்ச்சு மாதப் பிற்பகலில் அந்த எண்ணம் நம்மை விட்டு அகன்றது.

ஸ்ரீராம்புரத்தை நேயர்களில் சிலர் நன்கறிவார்கள். மல்லேசுவரத்தை அடுத்த பகுதி. தமிழர் மிகுந்து வாழும் இடம். பின்னி ஆலையிலும் மினர்வா ஆலையிலும் சங்கு ஊதிய காலத்தில், ஆலைத் தொழிலையும் கட்டட வேலையையும் நாடி வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் இப்பக்கங்களில் வேரூன்றின. ஆலைகள் ஓய்ந்தன, குடும்பங்கள் நிலைத்தன. 2014-ஆம் ஆண்டிலிருந்து தலைக்கு மேலே மெட்ரோ இரயில் ஓடுகிறது. அதன் கீழே சந்துகள் மட்டும் பழையபடியே குறுகியிருக்கின்றன.

அன்று எஸ்.எஸ்.எல்.சி. அறிவியல் தேர்வு. கர்நாடகத்தில் பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றும் ஒரே தாளில் அடங்கும். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சாலையோரப் புங்கமரத்தடியில் அமர்ந்தார்கள். கன்னடத்தில் அம்மரத்தை ஹொங்கெ என்பார்கள். அது பூத்துக் கொட்டும் பருவம். "நீனு ஏனு பரெதெ?" என்று ஒரு குரல் கன்னடத்தில் கேட்டது. "நான் ஹார்ட் வரைஞ்சேன்" என்று மறுகுரல் தமிழில் விடை சொல்லிற்று. வினா ஒரு மொழியில், விடை மற்றொரு மொழியில், கலைச்சொல் மூன்றாவது மொழியில்! வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் இது புதிதன்று.

முதல் வழக்கு இதயத்தைப் பற்றியது. ஒரு சிறுவன் இதயப் படத்தை வரைந்து, தாளின் இடப்பக்கத்தில் இருந்த அறைக்கு இடது வெண்ட்ரிக்கிள் என்று பெயர் இட்டுவிட்டான். தவறு என்றார்கள் மற்றவர்கள். "இடப்பக்கம் இருப்பது இடதுதானே?" என்பது அவன் வாதம். பக்கத்திலிருந்தவன் சொற்களைச் செலவிடவில்லை. அவனை எழுப்பி நிறுத்தி, வினாத்தாளை அவன் மார்பில் வைத்து, எதிரே நின்று பார்த்தான். "உன் இடது கை எனக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டான். அவ்வளவுதான். ஓராண்டாகப் பாடநூலில் பார்த்துப் பார்த்து வரைந்த படம் எதிரே நிற்கும் ஒரு மனிதனுடைய படம் என்பது அந்த நொடியில்தான் அச்சிறுவனுக்குப் புலப்பட்டது. மதிப்பெண் போனது போனதுதான். ஆனால் இனி அவன் ஆயுள் முழுதும் இதயத்தின் இடம் வலம் மாற்றிச் சொல்லமாட்டான்.

அடுத்து மெண்டலின் பட்டாணிச் செடி. இரண்டாம் தலைமுறையில் விகிதம் மூன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்றா என்று இருவர் மோதினார்கள். தோற்றத்தைக் கேட்டால் முன்னது சரி, மரபுக்கூற்றைக் கேட்டால் பின்னது சரி. வினாவை மீண்டும் படித்ததும் சண்டை தீர்ந்தது. அந்த மெண்டலே 1850-இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவில்லை என்று சொல்ல நமக்கு ஆவல் எழுந்தது. அந்த நேரத்தில் அது ஆறுதலாகாது என்று அடக்கிக்கொண்டோம்.

மூன்றாவது வழக்குத்தான் பெரிது. ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் பிராணவாயு எதிலிருந்து பிறக்கிறது? வகுப்பில் முதல்வன் என்று தோன்றிய நெட்டைப் பையன் ஒருவன், "கரியமில வாயுவிலிருந்து" என்று எழுதியிருந்தான். கரியமில வாயுவில் கரியும் இருக்கிறது, பிராணவாயுவும் இருக்கிறது. செடி கரியை எடுத்து மாவுப்பொருள் ஆக்குகிறது, மீதியை வெளியே விடுகிறது. கணக்குச் சரியாக வருகிறதே என்றான். ஒரு சிறுமி மட்டும், "தண்ணீரிலிருந்து" என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது என்றாள். கூட்டம் முழுதும் பையன் பக்கம் சாய்ந்தது. சிறுமியின் கண்கள் கலங்கின. மதிப்பெண் நன்றாக வந்தால் பி.யு.சி.யில் அறிவியல் பிரிவு. குறைந்தால் பக்கத்து வீட்டு அக்காவோடு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு. இது அவள் வீட்டில் செய்த முடிவாம். இரண்டு மதிப்பெண் வினா ஒன்றின்மேல் எத்தனை பாரம் ஏறிக்கொள்கிறது, பாருங்கள்!

அந்தப் பையனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் சொன்ன விடையை அறிஞர் உலகமே ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நம்பியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெனீவாவில் செனபியே என்பவர், செடி கரியமில வாயுவைப் பிளந்தே பிராணவாயுவை விடுகிறது என்று கருதினார். எல்லாரும் அதனை ஏற்றார்கள். அவ்வளவு இயல்பாக மனத்தில் படிகிற கருத்து அது. 1930-ஆம் ஆண்டுகளில் வான் நீல் என்ற அறிஞர், ஊதாக் கந்தக நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோது ஐயம் கொண்டார். இவ்வுயிர்கள் தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்துகின்றன. பிராணவாயுவுக்குப் பதிலாகக் கந்தகத்தை ஒதுக்குகின்றன. கரியமில வாயுவோ இரண்டிற்கும் பொது. அவ்வாறாயின் செடிகள் விடும் பிராணவாயு தண்ணீரிலிருந்தன்றோ வரவேண்டும்? 1941-இல் ரூபனும் காமனும் தம் துணைவர்களோடு, எடை மிகுந்த பிராணவாயு அணு கொண்ட தண்ணீரைப் பசும்பாசிக்கு ஊட்டிப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவில் அந்த எடைமிகுந்த அணுவே இருந்தது. வழக்கு அன்றுதான் முடிந்தது.

ஸ்ரீராம்புரத்து வழக்கை முடித்தவள் அவ்வழியே வந்த பி.யு. மாணவி ஒருத்தி. "அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று எல்லாரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பாடநூலை வாங்கி ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் காட்டினாள். "இங்கே 6 கரியமில வாயுவோடு தண்ணீர் எத்தனை?" "12." "வெளியே வரும் பிராணவாயு 6. அதில் அணு எத்தனை?" "12." "அந்தப் பக்கம் தண்ணீர் ஆறு மறுபடி பிறக்கிறது. வெறும் ஆறு தண்ணீர் போதுமென்றால், பன்னிரண்டு போட்டு ஆறைத் திருப்பித் தருவானேன்?" நெட்டைப் பையன் வாயடைத்துப் போனான். பன்னிரண்டு என்ற அந்த எண்ணை அவன் எத்தனையோ முறை பிழையின்றி எழுதியிருக்கிறான். ஒரு முறையேனும் அது ஏன் என்று கேட்டதில்லை. பன்னிரண்டு மூலக்கூறு தண்ணீர் உடைந்தால்தான் பன்னிரண்டு அணுக்கள் கிடைக்கும் என்று இப்போது அவனே மற்றவர்களுக்கு விளக்கத் தொடங்கினான்!

தன் தவறு வெளிப்பட்ட அந்த நேரத்தை நாம் பிள்ளைகளுக்குத் தீங்கு என்று எண்ணுகிறோம். 2001-இல் பட்டர்ஃபீல்ட், மெட்காஃப் என்னும் இரு உளவியலார் வேறொன்று கண்டார்கள். சரியென்று உறுதியாக நம்பிச் சொன்ன விடை தவறு என்று தெரிய வரும்போது, அத்திருத்தம் அரைமனத்தோடு சொன்ன விடையின் திருத்தத்தைவிட நன்றாக நினைவில் பதிகிறதாம். வியப்பின் ஆற்றல் அது. விடைத்தாள் கைக்கு வரும் வரையில் காத்திருந்தால் இவ்வியப்பு ஆறிப்போகும், எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாளோ, நகல் கேட்டு விண்ணப்பித்தாலன்றிக் கைக்கு வருவதே இல்லை. தேர்வு வாரியம் விடைக்குறிப்பை வெளியிடுகிறது. அதன்மேல் ஆட்சேபம் சொல்லவும் இடமுண்டு. 2024-இல் ஆண்டுக்கு மூன்று தேர்வுகள் நடத்திச் சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். இவ்வளவும் நன்றே. ஆனால் அந்தப் புங்கமரத்தடி நீதிமன்றத்துக்கு இவை ஈடாகா.

இதற்குள் சிறுமியின் தாய் வந்துவிட்டார். பூ விற்பவர், இடுப்பில் கூடை இருந்தது. "ஏன் கண்ணு, அழுதியா?" என்றார். அழவில்லை என்று சொல்லிவிட்டு, சிறுமி நடந்ததைச் சொல்ல முயன்றாள். "அம்மா, த்யுதிசம்ஸ்லேஷணெ இருக்கில்ல..." தாய் விழித்தார். "பத்ரஹரித்து இருக்குமே, அது..." தாய் மேலும் விழித்தார். தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுபவர்தாம் அவ்வம்மையார்; ஆனால் அவர் அறிந்தது கடைவீதிக் கன்னடம், பாடநூற் கன்னடம் அன்று. சிறுமிக்கோ பாடநூலின் பொருள் தெரியும், தமிழ்ப் பெயர் தெரியாது. நாம் குறுக்கிட்டு, "பச்சையம் என்று சொல்லம்மா" என்றோம். "இலையில் இருக்கிற பச்சையா?" என்று தாய் உடனே கேட்டார். ஒரே ஒரு சொல், கதவு திறந்துகொண்டது.

கன்னடத்தின்மேல் நமக்குக் குறை ஒன்றுமில்லை. அது அப்பிள்ளைகளுக்குப் பள்ளியின் மொழி, தோழமையின் மொழி. அதில் நன்றாகத் தேறவேண்டும் என்பதே நம் விருப்பம். அதன் கலைச்சொற்களும் சுவையானவை. பிராணவாயுவுக்குக் கன்னடத்தில் ஆம்லஜனக என்று பெயர்: அமிலத்தைப் பிறப்பிப்பது. பிரெஞ்சு அறிஞர் லவாஸியே 1777-இல் கிரேக்கச் சொற்களால் ஆக்சிஜன் என்று இட்ட பெயரின் நேர்பொருள் அது. எல்லா அமிலத்திலும் இவ்வாயு உண்டு என்று அவர் எண்ணினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்பது 1810-இல் டேவியின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. தவறான விடை அப்படியே உலகம் முழுதும் பெயராக நின்றுவிட்டது! ஒரு மாணவன் இரண்டு மதிப்பெண் இழந்ததற்கு இத்தனை முகவாட்டம் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? தமிழின் பிராணவாயுவும் உயிர்வளியும் அந்தத் தொல்லையில் சிக்கவில்லை. ஆனால் இப்பெயர்களை அப்பிள்ளைகளுக்குப் பள்ளி சொல்லித் தராது. வீட்டில் நாமும் சொல்லாவிட்டால், அவர்கள் கற்றது வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். கற்றதைத் தாயிடம் சொல்ல முடியாத பிள்ளையும், பிள்ளை கற்றது இன்னதென்று அறியாத தாயும் ஓரறையில் வாழும் வீடுகள் வெளிமாநிலங்களில் எத்தனையோ. பாடம் முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தேர்வன்று மாலையில் நாலு சொல் போதும்.

சிறுமி இப்போது தட்டுத் தடுமாறித் தமிழிலேயே சொல்லி முடித்தாள். வெயில் படும்போது இலை தண்ணீரை உடைக்கிறது, அதிலிருந்துதான் நாம் மூச்சுவிடும் காற்று வருகிறது என்றாள். தாய் கூடையிலிருந்த பூவின்மேல் தண்ணீர் தெளித்தபடியே கேட்டிருந்தார். பிறகு, "வெயில் இல்லாத ராத்திரியிலே?" என்றார். பாடநூல் எழுதியவர்கள் மகிழ்ந்திருக்கக்கூடிய கேள்வி அது. "ராத்திரியிலே உடைக்காதும்மா. நம்மளை மாதிரி மூச்சு மட்டும் விடும்."

"அதனாலேதான் ராத்திரி புளியமரத்தடியிலே படுக்காதேன்னு எங்க ஆயா சொல்லும்."

சிறுமிக்கு விடை தெரியவில்லை. நெட்டைப் பையன்தான் முன்வந்தான். "அம்மா, திறந்தவெளியிலே மரம் விடுற கரியமில வாயு காத்தோட போயிடும். அதைவிடப் பக்கத்திலே படுத்திருக்கிற ஆளு விடுறதுதான் உங்க மூக்குக்கு நேரா வரும்" என்றான். தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அப்பாவைத்தான் சொல்றான்" என்று மகளிடம் கூறிவிட்டு, கூடையிலிருந்து இரண்டு முழம் பூவைக் கிள்ளி, ஒன்றை மகளுக்கும் மற்றொன்றைப் பி.யு. மாணவிக்கும் கொடுத்தார். சிறுமி வினாத்தாளை நான்காக மடித்துக் கூடையில் வைத்தாள். அடுத்த தேர்வுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர்கள் மெட்ரோப் பாலத்தின் நிழலில் நடந்து சந்துக்குள் திரும்பும் வரையில், தாய் ஏதோ கேட்டுக்கொண்டே சென்றார்.